விற்பது அரசு, விசாரிப்பது யார்?

2024-ம் ஆண்டு பிப்ரவரி 1-ம் தேதி தில்லியில் நாடாளுமன்றம் கூடி, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த இடைக்கால பட்ஜெட்டைக் கேட்டுக் கொண்டிருந்தது. அதே நாளில் வாஷிங்டனில், இந்தியாவுக்கு 31 எம்.க்யூ.-9பி ரக ஆளில்லா விமானங்களை 399 கோடி டாலர் மதிப்பீட்டில் விற்க உத்தேசித்திருப்பதாக அமெரிக்க அரசு தன் நாட்டு நாடாளுமன்றத்துக்கு முறைப்படி அறிவிக்கை அனுப்பியது. எத்தனை விமானங்கள், அவற்றுடன் என்னென்ன ஏவுகணைகள், எந்த நிறுவனம் தயாரிக்கிறது, இதனால் அப்பிராந்தியத்தின் ராணுவச் சமநிலை பாதிக்கப்படுமா என்பதெல்லாம் அந்த அறிவிக்கையில் இருந்தன. அதைப் படிக்க எவருக்கும் தடையில்லை. இந்திய எம்.பி.க்கள் பலரும் தங்கள் நாடு வாங்கப்போகும் தளவாடத்தின் பட்டியலை அந்த அமெரிக்க அறிவிக்கையின் வாயிலாகவே தெரிந்து கொண்டனர்.

அந்த அறிவிக்கை வெளிவரும் முன்பே வேறொன்றும் நடந்திருந்தது. அமெரிக்க மண்ணில் சீக்கியப் பிரிவினைவாதத் தலைவர் ஒருவரைக் கொல்லச் சதி நடந்ததாக 2023 நவம்பரில் அந்நாட்டு நீதித் துறை குற்றம்சாட்டியது. இதில் இந்திய அதிகாரி ஒருவருக்குத் தொடர்பிருப்பதாகவும் கூறப்பட்டது. அதையடுத்து, செனட் சபையின் வெளியுறவுக் குழுத் தலைவராக இருந்த பென் கார்டின் இந்த விற்பனைக்கு உடனே இசைவு தரவில்லை. முழுமையான விசாரணை நடக்கும் என்ற உறுதிமொழியைத் தம் அரசிடமிருந்து பெற்று, பல மாதப் பேச்சுக்குப் பிறகே சம்மதித்ததாக அவர் வெளிப்படையாக அறிவித்தார். விமானங்களுக்கான ஒப்பந்தம் 2024 அக்டோபரில் தில்லியில் கையெழுத்தானது. இந்தியத் தரப்பில் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் குழுவும், பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழுவும் ஒப்புதல் அளித்தன. நாடாளுமன்றத்தின் ஒப்புதலோ, அதற்கு முன்னறிவிப்போ எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை.

வாங்கும் நாடாக மட்டுமே இந்தியா இருந்தவரை இந்த வேறுபாடு பெரிதாக உறுத்தவில்லை. இன்று இந்தியா விற்கும் நாடாகவும் மாறியிருக்கிறது. பிரமோஸ் ஏவுகணை பிலிப்பின்ஸுக்குப் போகிறது. பினாகா ராக்கெட்டுகள் ஆர்மீனியாவுக்குப் போகின்றன. யாருக்கு விற்கிறோம், எந்த நிபந்தனையில் விற்கிறோம், விற்ற ஆயுதம் எங்கே வெடிக்கிறது என்று தில்லியில் கேட்பதற்கு யாருக்கு அதிகாரம் உள்ளது?

அமெரிக்கச் சட்டத்தின் வழி: வியத்நாம் போரின் கசப்பான அனுபவத்துக்குப் பிறகு, ஆயுத விற்பனையை அதிபரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்ற கருத்து அமெரிக்காவில் வலுப்பெற்றது. செனட் உறுப்பினர் கேலார்ட் நெல்சனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜோனதன் பிங்காமும் 1974-ல் கொண்டு வந்த திருத்தம், பெரிய அளவிலான விற்பனைகளை முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. 1976-ல் நிறைவேறிய ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதை நிரந்தர ஏற்பாடாக்கியது.

குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட விற்பனை என்றால், இறுதி ஒப்பந்தத்துக்கு 30 நாள்களுக்கு முன்பு இரு அவைகளுக்கும் அறிவிக்கை செல்ல வேண்டும். நேட்டோ உறுப்பு நாடுகளுக்கும், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்து ஆகிய நெருங்கிய நட்பு நாடுகளுக்கும் 15 நாள்கள் போதும். பெரிய போர்த் தளவாடமானால் பொதுவாக 1.4 கோடி டாலர் என்றும், நெருங்கிய நட்பு நாடுகளுக்கு 2.5 கோடி டாலர் என்றும் நெடுங்காலம் வரம்பு இருந்து வந்தது. விற்பனை கூடாது என்று கருதினால் இரு அவைகளும் கூட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம்.

இந்த முறைப்படியான அறிவிக்கைக்கு முன்னதாக எழுதப்படாத மரபு ஒன்றும் உண்டு. இரு அவைகளின் வெளியுறவுக் குழுத் தலைவர்களுக்கும், அக்குழுக்களில் உள்ள எதிர்க்கட்சி மூத்த உறுப்பினர்களுக்கும் அரசு முதலில் விவரத்தைத் தெரிவிக்கும். அவர்களில் ஒருவர் "பொறுங்கள்" என்றால் விற்பனை பெரும்பாலும் நிற்கும். கார்டின் பயன்படுத்தியது இந்த மரபைத்தான். இதற்குச் சட்டக் கட்டாயம் ஏதுமில்லை என்றபோதிலும், நடைமுறையில் இதன் வலிமை கூட்டுத் தீர்மானத்தின் வலிமையைவிட அதிகம்.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை: அமெரிக்க ஏற்பாட்டை அப்பழுக்கற்றதாகக் காட்டுவது சரியாகாது. 1981-ல் சவூதி அரேபியாவுக்கு 5 அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்களை விற்க அதிபர் ரீகன் முடிவு செய்தபோது, பிரதிநிதிகள் சபை 301-111 என்ற வாக்குகளில் எதிர்த்தது. செனட் சபையோ 52-48 என்ற நூலிழை வித்தியாசத்தில் அரசைக் காப்பாற்றியது. சபைகளின் தீர்மானம் மட்டுமே அதிபரைக் கட்டுப்படுத்தும் முறை செல்லாது என்ற பொருள்பட 1983-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் அதிபரின் கையெழுத்துக்கு உட்பட்ட கூட்டுத் தீர்மானமே வழி என்றாயிற்று. அதிபர் தமது ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினால் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மை தேவை.

1986-ல் சவூதிக்கு ஏவுகணை விற்பனையை இரு அவைகளும் நிராகரித்தன. ரீகன் அத்தீர்மானத்தை ரத்து செய்தார். செனட் சபையில் 66-34 என்று வாக்குகள் பதிவாகி, ஒரே ஒரு வாக்கில் அதிபரின் முடிவு தப்பியது. ஆனாலும், தோளில் வைத்து ஏவும் ஸ்டிங்கர் ஏவுகணைகளை அந்தப் பட்டியலிலிருந்து அவர் நீக்க வேண்டி வந்தது. 2019 மே மாதத்தில் அதிபர் டிரம்ப், ஈரான் அபாயத்தைக் காரணம் காட்டி "அவசரநிலை" என்ற விதிவிலக்கைப் பயன்படுத்தி, சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்டான் ஆகிய நாடுகளுக்கான 810 கோடி டாலர் மதிப்புள்ள 22 விற்பனைகளுக்கு நாடாளுமன்றத்தின் ஆய்வே இல்லாமல் அனுமதி அளித்தார். யேமன் போரில் பொதுமக்கள் கொல்லப்படுவதைச் சுட்டிக்காட்டி நிறைவேற்றப்பட்ட தீர்மானங்களும் ரத்து அதிகாரத்தால் வீழ்ந்தன. கூட்டுத் தீர்மானத்தின் வழியாக ஒரு விற்பனைகூட இதுவரை இறுதியாகத் தடுக்கப்பட்டதில்லை.

அப்படியானால் இந்தச் சட்டத்தால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். விவரம் வெளியே வருகிறது என்பதே முதல் பயன். விற்பனைக்கு அரசு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல்வி பயத்தால் பட்டியல் சுருங்குகிறது, நிபந்தனைகள் கூடுகின்றன, காலம் கிடைக்கிறது. வாக்கெடுப்பு நடந்தால் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்பது வரலாற்றில் பதிவாகிவிடுகிறது.

இந்தியா கண்ட பலன்: அமெரிக்க நாடாளுமன்றத்தின் இந்த அதிகாரத்தால் இந்தியா பலமுறை பயனடைந்துள்ளது. பாகிஸ்தானிடம் அணு ஆயுதம் இல்லை என்று அதிபர் ஆண்டுதோறும் சான்றளித்தால்தான் அந்நாட்டுக்கு ராணுவ உதவி என்று 1985-ல் செனட் உறுப்பினர் லேரி பிரெஸ்லரின் பெயரால் ஒரு திருத்தம் நிறைவேறியது. 1990-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் அந்தச் சான்றை அளிக்க முன்வரவில்லை. பாகிஸ்தான் பணம் கட்டிய எஃப்-16 விமானங்கள் அமெரிக்காவிலேயே நின்றுவிட்டன. "பிரெஸ்லர் திருத்தம்" என்ற சொல் அக்காலத்தில் தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கும் பழகிப்போன ஒன்றாக இருந்தது.

2022 செப்டம்பரில் பாகிஸ்தானின் எஃப்-16 விமானங்களைப் பராமரிக்க 45 கோடி டாலர் மதிப்பிலான தொகுப்பை அமெரிக்கா அறிவித்தபோது, பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கும் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கரும் கடும் அதிருப்தி தெரிவித்தனர். தொகை, பொருள், நோக்கம் அனைத்தையும் குறிப்பிட்டு மறுப்புத் தெரிவிக்க வழி செய்தது, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்ட பகிரங்க அறிவிக்கைதான். அண்டை நாட்டுக்கு ஆயுதம் விற்கும் வல்லரசிடம் எந்த வெளிப்படைத்தன்மையை எதிர்பார்க்கிறோமோ, அதே வெளிப்படைத்தன்மையை நம்மிடம் நமது அண்டை நாட்டவரும் நமது வாக்காளர்களும் எதிர்பார்ப்பது நியாயம்தானே?

வளர்ந்து நிற்கும் வியாபாரம்: 2013-14-ம் நிதியாண்டில் இந்தியாவின் ராணுவத் தளவாட ஏற்றுமதி ரூ. 686 கோடி. 2018-19-ல் அது ரூ. 10,000 கோடியைத் தாண்டியது. 2023-24-ல் ரூ. 21,083 கோடி, 2024-25-ல் ரூ. 23,622 கோடி. பதினோரு ஆண்டுகளில் சுமார் 34 மடங்கு உயர்வு. 2029-ம் ஆண்டுக்குள் ரூ. 50,000 கோடியை எட்டுவது அரசு அறிவித்த இலக்கு. 2024-25-ம் ஆண்டு ஏற்றுமதியில் ரூ. 15,233 கோடி தனியார் துறையின் பங்கு. எஞ்சிய ரூ. 8,389 கோடி பாதுகாப்புத் துறையின் பொதுத் துறை நிறுவனங்களுடையது. அந்த ஓராண்டில் மட்டும் 1,762 ஏற்றுமதி அனுமதிகள் வழங்கப்பட்டதாகவும், சுமார் 80 நாடுகளுக்குத் தளவாடங்கள் சென்றதாகவும் அரசு தெரிவித்தது.

இதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. உலகில் மிக அதிகமாக ஆயுதம் இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று என்ற பெயரைச் சுமந்த நாடு, 37.5 கோடி டாலர் மதிப்பில் பிரமோஸ் ஏவுகணைகளை விற்க 2022 ஜனவரியில் பிலிப்பின்ஸுடன் ஒப்பந்தம் செய்து, 2024 ஏப்ரலில் முதல் தொகுதியை ஒப்படைத்தது சாதாரணச் செய்தி அல்ல. இந்தத் தொழிலில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு. சென்னை, கோவை, ஒசூர், சேலம், திருச்சி ஆகிய நகரங்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆவடி, திருச்சி, அருவங்காடு ஆகிய ஊர்களின் பழைய படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் நிறுவனங்களாக மாற்றப்பட்டு, ஏற்றுமதிச் சந்தையையும் எதிர்நோக்குகின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு இத்துறையைச் சார்ந்திருக்கிறது.

ஆனால், வளர்ச்சிக் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படுகிற அளவுக்கு, அதன் பின்னுள்ள விவரம் வெளிவருவதில்லை. எந்த நாட்டுக்கு எந்தத் தளவாடம் எவ்வளவு என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழும்போதெல்லாம், கேந்திர முக்கியத்துவம் கருதி நாடுகளின் பெயரை வெளியிட இயலாது என்ற பதிலே பலமுறை தரப்பட்டுள்ளது. விழா நடத்தி வழியனுப்பப்படும் பிரமோஸ் போன்ற தளவாடங்களின் பெயர் தெரிகிறது. தோட்டா, குண்டு, வெடிமருந்து, உதிரி பாகங்கள் போன்றவற்றின் பயணம் தெரிவதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?: ஆயுத ஏற்றுமதிக்கென்று இந்தியாவில் அமெரிக்காவில் உள்ளது போன்ற தனிச் சட்டம் கிடையாது. 1992-ம் ஆண்டின் அயல்நாட்டு வர்த்தக மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டமே அடிப்படை. அச்சட்டத்தின் கீழ் "ஸ்கோமெட்" எனப்படும் கட்டுப்பாட்டுப் பட்டியல் உள்ளது. அதன் ஆறாவது பிரிவு போர்த் தளவாடங்களுக்கானது. அப்பிரிவில் உள்ள பொருள்களை ஏற்றுமதி செய்ய பாதுகாப்புத் தளவாட உற்பத்தித் துறை அனுமதி வழங்குகிறது. பேரழிவு ஆயுதங்கள் தொடர்பாக 2005-ல் தனியாக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் 2016-லும், மரபுவழி ஆயுத ஏற்றுமதி தொடர்பான வாசனார் ஏற்பாட்டில் 2017-லும் இந்தியா சேர்ந்தது. ஆகவே கட்டுப்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. இறுதிப் பயனாளர் சான்றிதழ் கேட்கப்படுகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் கருத்தும் பெறப்படுகிறது.

இவை அனைத்தும் நிர்வாகத்துக்குள்ளேயே தொடங்கி நிர்வாகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன என்பதே பிரச்சினை. பெரிய விற்பனையை முன்கூட்டி நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றோ, ஆண்டு முடிவில் நாடு வாரியாக அறிக்கை அளிக்க வேண்டும் என்றோ சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. மரபுவழி ஆயுத வர்த்தகத்தை நெறிப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை மீது 2013 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக் கொண்டது. விற்கும் நாடுகளுக்குச் சாதகமாகவும் வாங்கும் நாடுகளுக்குப் பாதகமாகவும் அது அமைந்திருப்பதாக அப்போது இந்தியா வாதிட்டது. விற்கும் நாடாக இந்தியா வளர்ந்த பிறகும் அதில் கையெழுத்திடவில்லை.

நாடாளுமன்றத்தின் கையில் உள்ளவை: பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழுவில் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள் உள்ளனர். மானியக் கோரிக்கைகள், மசோதாக்கள், ஆண்டறிக்கைகள் ஆகியவற்றை அக்குழு ஆராயலாம். அன்றாட நிர்வாக விஷயங்களில் தலையிடக் கூடாது என்பது விதி. தனித்தனி ஏற்றுமதி அனுமதிகளை "அன்றாட நிர்வாகம்" என்று வகைப்படுத்திவிட்டால், குழுவின் கதவு அங்கேயே சாத்தப்படும். பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கையோ பல ஆண்டுகளில் மக்களவையில் விவாதமே இல்லாமல், "கில்லட்டின்" முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடுகிறது.

பொதுக் கணக்குக் குழுவும், தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கைகளும் நடந்து முடிந்த செலவைத்தான் ஆராயும். போஃபர்ஸ் முதல் ரஃபேல் வரை நம் நாடாளுமன்றத்தைக் கொந்தளிக்க வைத்தவை எல்லாம் கொள்முதல் விவகாரங்கள். விற்பனை விவகாரம் ஒன்று அவையை அந்த அளவுக்கு உலுக்கியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியும் குறுகலானது. நாட்டின் பாதுகாப்பு, கேந்திர நலன், அயல்நாட்டு உறவு ஆகியவற்றைப் பாதிக்கும் தகவல்களுக்கு அச்சட்டத்தின் 8-வது பிரிவு விலக்கு அளிக்கிறது.

2009 ஜூலையில் நடந்த ஒன்றை இங்கு நினைவுகூரலாம். அமெரிக்காவிடமிருந்து வாங்கும் தளவாடங்களை, இறுதிப் பயன்பாட்டைச் சரிபார்க்கும் உரிமை அந்நாட்டுக்கு உண்டு என்ற உடன்பாட்டை அப்போதைய அரசு ஏற்றது. நாட்டின் இறையாண்மை அடகு வைக்கப்பட்டுவிட்டதாகக் கூறி எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்தன. அந்த விவாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால், நாம் விற்கும் ஆயுதத்தை வாங்கியவர் என்ன செய்கிறார் என்று சரிபார்க்க நமக்கு என்ன ஏற்பாடு உள்ளது என்ற கேள்வி அதே சூட்டோடு எழுப்பப்படவில்லை.

நான்கு நிகழ்ச்சிகள்: இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 2020-ல் இந்தியக் கடற்படையின் சிந்துவீர் நீர்மூழ்கிக் கப்பல் மியான்மருக்கு வழங்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1-ம் தேதி அங்கு ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மியான்மருக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஜூனில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய தீர்மானத்தின்போது இந்தியா வாக்களிக்கவில்லை. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு இந்தியாவிலிருந்து 5.1 கோடி டாலர் மதிப்பிலான ஆயுதங்களும் அவை சார்ந்த பொருள்களும் மியான்மருக்குச் சென்றதாக ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் அறிக்கை அளித்தார். ரஷியா, சீனா ஆகிய நாடுகளின் பங்குடன் ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால், அந்த ராணுவத்துக்கு அஞ்சி எல்லை தாண்டி வந்த பல்லாயிரக்கணக்கானோருக்கு அடைக்கலம் தந்தது இந்தியாவின் மிசோரம் மாநிலம். ஒரு கை விற்றதன் விளைவை மறு கை சுமந்திருக்குமானால், அதை அறியும் உரிமை மிசோரம் எம்.பி.க்கு இல்லையா?

இரண்டாவது, சென்னையுடன் தொடர்புடையது. 2024 மே மாதம் "மரியான் டானிகா" என்ற டென்மார்க் கப்பல் ஸ்பெயினின் துறைமுகத்தில் நிற்க அனுமதி கேட்டது. சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்கு சுமார் 27 டன் வெடிபொருள்களை அது ஏற்றிச் செல்வதாக ஸ்பெயின் நாளேடு செய்தி வெளியிட்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றிச் செல்லும் கப்பல் என்பதால் அனுமதி மறுக்கப்பட்டதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் ஹோசே மனுவேல் அல்பாரெஸ் அறிவித்தார். சென்னையிலிருந்து புறப்பட்டதாகச் சொல்லப்பட்ட சரக்கைப் பற்றிச் சென்னைவாசிகள் மாட்ரிட் வழியாகத் தெரிந்து கொண்டார்கள்.

காஸா போரைக் காரணம் காட்டி, இஸ்ரேலுக்கான ஏற்றுமதி உரிமங்களை ரத்து செய்யக் கோரி முன்னாள் அதிகாரிகளும் சமூக ஆர்வலர்களும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். வெளியுறவுக் கொள்கை அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூறி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2024 செப்டம்பர் 9-ம் தேதி மனுவைத் தள்ளுபடி செய்தது. ஏற்றுமதியைத் தடை செய்ய அரசுக்குச் சட்டத்தில் போதிய அதிகாரம் உள்ளது என்பதையும் அமர்வு சுட்டிக்காட்டியது. நீதிமன்றத்தின் நிலைப்பாடு அரசியல் சாசன மரபுக்கு ஏற்றதே. ஆனால், நீதிமன்றம் தலையிடாத இடத்தில் நாடாளுமன்றமாவது கேள்வி கேட்க வேண்டாமா? அதற்கு ஒரு வாரம் முன்புதான், செப்டம்பர் 2-ம் தேதி, லண்டனில் வெளியுறவு அமைச்சர் டேவிட் லாமி மக்களவையில் எழுந்து நின்று, இஸ்ரேலுக்கான சுமார் 350 உரிமங்களில் 30 அளவிலானவற்றை நிறுத்தி வைப்பதாக அறிவித்து, உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

மூன்றாவது, ஐரோப்பிய நாடுகள் வாங்கிய இந்திய பீரங்கிக் குண்டுகள் உக்ரைனுக்குத் திருப்பி விடப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட செய்தி. அது ஊகத்தின் அடிப்படையிலானது என்று வெளியுறவு அமைச்சகம் மறுத்தது. செய்தி பொய்யாகவே இருக்கலாம். அதை நாடாளுமன்றக் குழு ஒன்று ஆவணங்களைப் பார்த்துச் சொல்லியிருந்தால், அந்த மறுப்புக்கு உலக அரங்கில் மதிப்புக் கூடியிருக்கும்.

நான்காவதில் அறம் பற்றிய கேள்வியே இல்லை, வியாபாரம் மட்டுமே. ஈக்வடார் நாடு இந்தியாவிடமிருந்து வாங்கிய 7 துருவ் ஹெலிகாப்டர்களில் 4 விபத்துக்குள்ளாகி, 2015-ல் ஒப்பந்தத்தையே அந்நாடு ரத்து செய்தது. உதிரி பாகங்களும் பராமரிப்பும் சரிவரக் கிடைக்கவில்லை என்பது அந்நாட்டின் குற்றச்சாட்டு. விபத்துகளுக்கு விமானிகளின் தவறும் காரணம் என்பது இந்தியத் தரப்பு வாதம். விற்பனைக்குப் பிந்தைய பொறுப்பை யாரும் கேட்காவிட்டால் சந்தையும் கைநழுவும் என்பதற்கு இது பாடம்.

இலங்கை தந்த பாடம்: தமிழக வாசகர்களுக்கு இந்த விவாதம் புதிதன்று. 2000-ல் இந்தியா இலங்கைக் கடற்படைக்கு ரோந்துக் கப்பலை வழங்கியது. பின்னர் "இந்திரா" ரேடார்களும் சென்றன. 2007-ல் சென்னையில் முதல்வர் கருணாநிதியைச் சந்தித்த பிறகு தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இலங்கை ஆயுதத்துக்காக சீனாவையோ பாகிஸ்தானையோ நாடக் கூடாது என்றும், தாக்குதல் ஆயுதங்களை இந்தியா தராது என்றும் கூறினார். எது தற்காப்பு ஆயுதம், எது தாக்குதல் ஆயுதம் என்று பிரித்தது யார், எந்த அளவுகோலில் என்பது அவையில் வைக்கப்படவில்லை.

2008 செப்டம்பரில் வவுனியா படைத் தளத்தின் மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தனர். அந்தத் தளத்தில் இந்தியர்கள் பணியாற்றுவது அதன் பிறகே பரவலாகத் தெரிய வந்தது. அடுத்த மாதம் தமிழகத்தில் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடி, இரண்டு வாரங்களுக்குள் போர் நிறுத்தம் ஏற்படாவிட்டால் எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று தீர்மானித்தது. மக்களவையில் பதிலளித்த வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி, பொதுமக்களைக் காக்கும் ஆர்வத்தில் அந்தத் தீவின் கேந்திர முக்கியத்துவத்தை மறந்துவிடக் கூடாது என்ற பொருளில் பேசினார்.

அந்த வாதத்தை ஏற்பவர்களும் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அது இங்கே பிரச்சினையன்று. தங்கள் தொகுதி மக்களின் நெஞ்சைத் தொட்ட ஒரு விவகாரத்தில், என்ன வழங்கப்பட்டது என்ற முழுப் பட்டியலை எம்.பி.க்கள் கோரிப் பெற வழியிருக்கவில்லை. பதவி விலகல் மிரட்டல் என்ற கடைசி ஆயுதத்தைத் தவிர, அவர்களிடம் நாடாளுமன்ற நடைமுறை சார்ந்த கருவி ஏதுமிருக்கவில்லை.

ரகசியம் என்ற தடை: அரசின் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. பெயர் வெளியாவதை வாங்கும் நாடே விரும்பாமல் இருக்கலாம். அனுமதி தாமதமானால் போட்டி நாடுகள் முந்திக்கொள்ளும். நம் அண்டையில் நாம் தராததை சீனா தந்துவிடும். ஒவ்வொரு விற்பனையையும் அவையில் வாக்கெடுப்புக்கு விடுவது நடைமுறை சாத்தியமன்று.

ஆனால், ரகசியம் காக்கவும் நாடாளுமன்றத்தில் வழி இருக்கிறது. மக்களவை விதிகளில் ரகசியக் கூட்டத்துக்கே தனி அத்தியாயம் உள்ளது. 1962-ல் சீனப் படைகள் எல்லைக்குள் நுழைந்திருந்த நேரத்தில், விவாதத்தை ரகசியமாக நடத்தலாம் என்று எல்.எம். சிங்வி யோசனை கூறியபோது பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. போர் நடந்து கொண்டிருக்கும்போதே அவை வெளிப்படையாக விவாதித்தது. போர்க்காலத்தில் தாங்கக்கூடியதாக இருந்த வெளிச்சத்தை, வியாபாரக் காலத்தில் தாங்க முடியாது என்பது வலுவான வாதமாகத் தெரியவில்லை.

பிற ஜனநாயக நாடுகளின் அனுபவமும் உள்ளது. இராக்குக்கு ஆயுதம் சென்ற விவகாரத்தை ஆராய்ந்த ஸ்காட் விசாரணை அறிக்கை 1996-ல் வெளியான பிறகு, பிரிட்டன் ஆண்டறிக்கை முறையைக் கொண்டு வந்தது. 2002-ல் புதிய சட்டம் இயற்றியது. நாடாளுமன்றக் குழுக்கள் கூட்டாக ஆயுத ஏற்றுமதியை ஆராய்ந்தன. அந்தக் கூட்டுக் குழு 2024-ல் கலைக்கப்பட்டு, பொறுப்பு வர்த்தகக் குழுவிடம் சென்றது. போஃபர்ஸ் பீரங்கியின் தாயகமான ஸ்வீடனில், நாடாளுமன்றக் கட்சிகளின் பிரதிநிதிகள் அடங்கிய ஆலோசனை மன்றம் சிக்கலான விற்பனைகளைப் பற்றி ரகசியமாகக் கருத்துச் சொல்கிறது. இந்நாடுகளின் ஆயுதத் தொழில் இதனால் அழிந்துவிடவில்லை.

செய்யக் கூடியவை: இந்தியாவுக்கு ஏற்ற வழியைக் காண அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. முதலாவதாக, நாடு, தளவாட வகை, மதிப்பு ஆகியவற்றைக் கொண்ட ஆண்டறிக்கையை இரு அவைகளிலும் தாக்கல் செய்ய வேண்டும். மிகவும் நுட்பமானவற்றை மட்டும் மூடிய உறையில் நிலைக்குழுவுக்கு அளிக்கலாம். இரண்டாவதாக, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட விற்பனைகளையும், உள்நாட்டுப் போர் நடக்கும் நாடுகளுக்கான எல்லா விற்பனைகளையும் நிலைக்குழுவின் சிறு துணைக்குழுவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அதில் எதிர்க்கட்சி உறுப்பினர்களும் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, இறுதிப் பயனாளர் சான்றிதழ்கள் உண்மையில் சரிபார்க்கப்படுகின்றனவா என்பதைத் தணிக்கை அதிகாரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய வேண்டும். நான்காவதாக, இந்தியா தரும் கடனுதவியில் நடக்கும் ஆயுத விற்பனைகளைத் தனியே காட்ட வேண்டும். வியத்நாமுக்கு 2016-ல் அறிவிக்கப்பட்ட 50 கோடி டாலர் பாதுகாப்புக் கடனுதவியைப் போன்றவற்றில் இந்திய மக்களின் வரிப்பணமும் அடங்கியிருக்கிறது.

1992-ம் ஆண்டுச் சட்டத்தில் சிறு திருத்தம் ஒன்று போதும், இவற்றில் பலவற்றுக்கு. அதை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வரலாம். அது நிறைவேறும் வாய்ப்புக் குறைவு என்றாலும், அரசு எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய நிலையை அது உருவாக்கும். ஆட்சியில் இருந்தபோது எந்தக் கட்சியும் இதைச் செய்யவில்லை; எதிர்க்கட்சியாக இருந்தபோதும் எந்தக் கட்சியும் இதை விடாப்பிடியாகக் கேட்கவில்லை என்பதை வாக்காளர்கள் கவனிக்க வேண்டும்.

அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்கிறது அரசியல் சாசனத்தின் 75-வது பிரிவு. அந்தப் பொறுப்பில் ஆயுத விற்பனைக்கு விலக்கு தரப்படவில்லை. ஏற்றுமதி ரூ. 686 கோடியாக இருந்தபோது கேட்காமல் விட்டதை, ரூ. 50,000 கோடியை நோக்கிச் செல்லும்போதும் கேட்காமல் விட்டால், இந்திய முத்திரை பதித்த குண்டு எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தின் மீது விழும் நாளில், "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை நமது 543 மக்களவை உறுப்பினர்களுக்கு இருக்காது.